கரிசல் வழிப் பலகாரங்கள்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1876-ல். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி என்று நீளும் அந்தப் பாதையும், திருநெல்வேலி வரைக்கும் கிட்டத்தட்ட அதன் கூடவே வரும் கன்னியாகுமரி நெடுஞ்சாலையும் பெரும்பகுதி கரிசல் மண்ணைக் கடந்து போகின்றன. மழை குறைந்த பூமி. மதுரையைத் தாண்டினால் தாமிரபரணியை எட்டும் வரை ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய், நிலக்கடலை என்று வானம் பார்த்து விளைகிறவைதான் அதிகம். அப்படிப்பட்ட சீமையில் ஊருக்கு ஊர் தன் பெயரைச் சொல்லும் பலகாரம் ஒன்று இருக்கிறது. விருதுநகருக்கு எண்ணெய் பரோட்டா, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, சாத்தூருக்குக் காராச்சேவு, கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய், கடம்பூருக்குப் போளி, திருநெல்வேலிக்கு அல்வா, உடன்குடிக்குக் கருப்பட்டி, தூத்துக்குடிக்கு மக்ரூன்.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே வேலையின் வெவ்வேறு வடிவங்கள். தண்ணீரைப் போக்குவதுதான் அந்த வேலை. பாலிலிருந்து, பதநீரிலிருந்து, வெல்லப் பாகிலிருந்து, கோதுமைப் பாலிலிருந்து, முட்டையின் வெள்ளைக் கருவிலிருந்து ஈரத்தை விரட்டிவிட்டு, எது மிஞ்ச வேண்டுமோ அதை மட்டும் மிச்சம் வைப்பது. பொருள்கள் எல்லாம் சாதாரணமானவை. பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு போகலாம். அடுப்பை விட்டு எப்போது இறக்குவது என்பதில்தான் முழு வித்தையும் அடங்கியிருக்கிறது. ஒரு நிமிடம் முந்தினால் பலகாரம் தங்காது. ஒரு நிமிடம் பிந்தினால் வாயில் வைக்க முடியாது. இந்த வழியில் புகழ்பெற்ற கடைகள் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தைத் தெரிந்த கைகளை வைத்துத்தான் பெயர் வாங்கின.

இதை ஒரு தடவை போய்வந்தவர் அறிவது கடினம். ஒரே கடையின் பால்கோவாவைக் கோடையிலும் ஐப்பசி மழையிலும் சாப்பிட்டவருக்குத்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பாலின் கொழுப்பு மாறுகிறது, காற்றின் ஈரம் மாறுகிறது, விறகு நனைகிறது, புதுக் கடலை வருகிறது, பழைய கடலை சிக்கு வாடை அடிக்கத் தொடங்குகிறது. இத்தனையும் மாறும்போது சுவை மாறாமல் காப்பவர்தான் நல்ல பலகாரக்காரர். ஆகையால் இந்த வழிக்குத் திரும்பத் திரும்பப் போகிற பயணிதான் அவருக்குச் சரியான நீதிபதி.

வழி தொடங்கும் மதுரையில் நின்று குடிக்க வேண்டியவை இரண்டு. வெளியூர்க்காரர்கள் தேடிப் போவது ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே பால் வற்றவைத்துச் செய்த ஐஸ்கிரீம். இவ்வளவுதான் அதன் கணக்கு. நல்ல ஜிகர்தண்டாவில் நன்னாரியின் வேர் மணம் பாலின் இனிப்புக்குக் கீழே மெல்லத் தெரிய வேண்டும். சர்பத்தைக் கூட்டி ஊற்றினால் பால் காய்ச்சிய உழைப்பு மறைந்துபோகும். மதுரைக்காரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது பருத்திப்பால். கரிசலில் விளைந்த பருத்தியின் விதையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து பாலெடுத்து, அரிசிமாவு கரைத்துவிட்டுக் காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். தள்ளுவண்டியில் பெரிய பாத்திரத்தில் சூடாக இருக்கும். பஞ்சு ஆலைக்குப் போக, எஞ்சிய விதை மாட்டுக்கும் மனிதனுக்கும் உணவாயிற்று. பருத்திச் சீமையின் ருசியை ஒரே குவளையில் அறிய வேண்டுமானால் ஜிகர்தண்டாவை விட இதுவே சரியான தொடக்கம்.

விருதுநகர் வியாபாரிகளின் ஊர். பருப்பும் எண்ணெயும் வத்தலும் இங்கே விலை பேசப்பட்டு ஊர் ஊராகப் போகும். எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத ஊரில் பரோட்டா எண்ணெயில் முழுகியதில் வியப்பில்லை. வழக்கமான பரோட்டா கல்லில் வெந்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையே அடிபட்டு உதிரும். விருதுநகர்ப் பரோட்டா அளவில் சிறியது. தட்டையான அகலக் கல்லில் நிறைய எண்ணெய் விட்டு, அதில் மிதக்க மிதக்கப் பொரிபடும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே அடுக்கு கலையாத மென்மை. சால்னாவை ஊற்றும் விதத்தில் பழகியவர்களையும் புதியவர்களையும் அடையாளம் காணலாம். புதியவர் முழுவதையும் நனைத்துவிடுவார். பழகியவர் பிய்த்துப்போட்டதில் பாதிக்கு மட்டும் ஊற்றி, ஊறியதையும் மொறுமொறுப்பானதையும் மாற்றி மாற்றி எடுப்பார். இந்தப் பலகாரத்துக்கு ஆயுள் மிகக் குறைவு. பொட்டலம் கட்டி வண்டியில் கொண்டுபோனால் அரை மணியில் அதன் குணம் போய்விடும். காரம் தணிக்க இங்கேயே பிறந்த பானமும் உண்டு. காளிமார்க் நிறுவனம் 1916-ல் விருதுநகரில் தொடங்கியது. அதன் போவண்டோ 1950-களின் இறுதியில் வந்தது. பெரிய வெளிநாட்டுக் கோலாக்கள் வந்த பிறகும் தென்மாவட்டங்களில் பரோட்டாவுக்குப் பக்கத்தில் அந்தக் கறுஞ்சிவப்புப் புட்டி நிற்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் நேர்ப்பாதையில் இல்லை. விருதுநகரில் பிரிந்து சிவகாசி வழியாகத் தென்காசிக்குப் போகும் தடத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஊருக்கு நெருங்கி வருவதால் கரிசலின் வறட்சி கொஞ்சம் தணிந்து, மேய்ச்சலும் மாடும் பெருகிய இடம். ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரத்தைப் பார்த்தபடி நிற்கும் கடைத்தெருவில் பால்கோவாக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 2019-ல் இந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதில் சேர்பவை பாலும் சர்க்கரையும் மட்டுமே. ஏலக்காய் இல்லை, முந்திரி இல்லை, நெய் இல்லை. மறைந்துகொள்ள ஒரு வாசனையும் இல்லாததால் பாலின் தரமும் கையின் தரமும் அப்படியே வெளியே தெரிந்துவிடும். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பத்து லிட்டர் பால் ஊற்றினால் அதில் கெட்டியான பொருள் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேலேதான் இருக்கும். கிட்டத்தட்ட அதே எடைக்குச் சர்க்கரை. மிஞ்ச வேண்டிய ஈரத்தையும் கூட்டினால், வாணலி நிறைய இருந்த பால் மூன்று கிலோ அளவுக்கு ஒடுங்கி நிற்கும். மற்றதெல்லாம் ஆவியாய்ப் போக வேண்டும்.

போக்கும் விதம் பார்க்கத் தகுந்தது. அகன்ற இரும்பு வாணலி, கீழே விறகு. முந்திரித் தோட்டை எரிபொருளாகப் போடுகிற இடமும் உண்டு. எரிகிற தீ கொழுந்துவிட்டு எரிய வேண்டும். மெல்லிய தீயில் நேரம் நீண்டு நிறம் கறுத்துவிடும். பால் பொங்கி வரும்போது நீண்ட பிடியுள்ள துடுப்பால் வாணலியின் அடியை வழித்து வழித்துக் கிண்டுகிறார் மாஸ்டர். முதல் பாதி நேரத்தில் கைக்கு வேலை இருக்கும், கண்ணுக்கு இல்லை. பிறகு குமிழிகளின் தோற்றம் மாறும். நுரைத்துப் பொங்கியவை சிறுத்து, கனத்து, சேறு கொதிப்பதுபோல் ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கும். அங்கிருந்து பார்வை வாணலியை விட்டு அகலக் கூடாது. துடுப்பு போன தடம் மூடாமல் ஒரு கணம் நிற்கும். விளிம்பில் ஒட்டியது காய்ந்து உதிரும். அதையும் சுரண்டி நடுவில் சேர்ப்பார். அந்தச் சுரண்டல்தான் கோவாவில் மணல்மணலாக நாக்குக்குத் தட்டுப்படுவது. வெண்ணெய்போல் வழவழப்பாக இருக்கும் பால்கோவா கண்ணுக்கு அழகு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்குவம் அது அல்ல. மங்கிய வெள்ளையில் லேசான பழுப்பு, கையில் எடுத்தால் கொஞ்சம் நெய்ப்பசை, கடித்தால் சிறு பொருபொருப்பு, விழுங்கும்போது புகையின் ஒரு துளி வாடை. இவை நான்கும் சேர்ந்திருந்தால் சரியான கடைக்கு வந்திருப்பதாகக் கொள்ளலாம்.

இறக்கி ஓரிரு மணி நேரம் ஆறியதும் வாங்குவதே நல்லது. குளிர்பெட்டியில் வைத்தால் கொழுப்பு உறைந்து, சர்க்கரை பூத்து, வாயில் மெழுகாகிவிடும். வெளியே வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஆடிப்பூரத் தேரோட்ட நாட்களில் கூட்டம் அலைமோதும், வாணலிகள் ஓய்வதில்லை. பலகாரம் புதிதாகக் கிடைக்கும் என்பது அந்த நாட்களின் அனுகூலம். நின்று பார்த்து ருசிக்க வேண்டும் என்கிறவர் கார்த்திகைக்குப் பிறகு, வெயில் தணிந்த மாதங்களில் போகலாம்.

திரும்பி நேர்ப்பாதைக்கு வந்தால் சாத்தூர், வைப்பாற்றின் கரையில். கோடையில் ரயிலும் பேருந்தும் நிற்கும் இடங்களில் பிஞ்சு வெள்ளரி விற்பார்கள். ஆற்று மணலை ஒட்டி விளைந்த இளசு. நீளவாக்கில் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தருவது. இந்த வழியில் தண்ணீரை அப்படியே வைத்துக்கொண்டு விலைக்கு வருவது இது ஒன்றுதான். வெயிலில் வந்தவருக்கு அதன் அருமை தெரியும்.

காராச்சேவு கடலைமாவும் அரிசிமாவும் மிளகாயும் பூண்டும் சேர்ந்த எளிய சங்கதி. துளைகள் இட்ட அகலமான கரண்டியைக் காய்ந்த எண்ணெய்க்கு மேலே பிடித்து, மாவை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் சேவு தடித்த துண்டுகளாய் விழும். அச்சில் பிழிந்த சேவு ஒரே கனமாக, ஒரே நீளமாக இருக்கும். கையால் தேய்த்தது அப்படி இராது. தடித்ததும் மெலிந்ததும் ஒடிந்ததும் கலந்திருக்கும். ஒரு பிடி எடுத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நொறுங்குவது இதனால்தான். எண்ணெயில் சலசலப்பு அடங்கும் நேரம்தான் பதம். அந்தச் சத்தம் மாவுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி வெளியேறும் சத்தம். முற்றிலும் ஓயும் முன் எடுத்தால் மறுநாள் நமுத்துப்போகும். ஓய்ந்து நெடுநேரம் விட்டால் பூண்டு கசக்கும். காரம் நாக்கின் நுனியில் அறையாமல் கொஞ்சம் தாமதித்துத் தொண்டையில் ஏறும் சேவுதான் இங்கே உயர்ந்தது.

கோவில்பட்டி கரிசலின் நடுமையம். ஆங்கிலேயர் காலத்தில், 1901-ல், மானாவாரிப் பயிர்களுக்கான வேளாண் ஆராய்ச்சி நிலையம் இங்கே ஏற்பட்டது. பாரதி பிறந்த எட்டயபுரம் கிழக்கே பக்கத்தில்தான், கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் தெற்கே திருநெல்வேலிச் சாலையில் இருக்கிறது. 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்த கி.ரா., சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதைச் சிறிய காரியமாக ஒருபோதும் எண்ணியதில்லை. இந்த மண்ணில் வாய்ருசி அப்படி மதிக்கப்பட்டு வந்திருக்கிறது.

கடலைமிட்டாய் முன்பு கருப்பட்டியில் உருண்டையாகப் பிடிக்கப்பட்டது. 1940-களில் கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் வெல்லப் பாகில் செய்து, தட்டையாகப் பரப்பி, துண்டு போட்டு விற்கத் தொடங்கியதாக ஊரில் சொல்கிறார்கள். இன்று ஊர் முழுக்க அந்தத் தொழில்தான். 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. சுற்றுவட்டாரக் கரிசலில் விளைந்த நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்பது அதன் சேர்மானம்.

கடலையை வறுப்பதில் முதல் பதம் இருக்கிறது. தோல் எளிதாக உரிய வேண்டும்; பருப்பு சிவக்கக் கூடாது. வறுத்து, தோலை நீக்கி, இரண்டாகப் பிளந்து, முளைக்குருத்தையும் புடைத்துத் தள்ளிவிடுவார்கள். குருத்து கசக்கும், அதைத் தள்ளாமல் விட்ட மிட்டாய் கடைசி வாயில் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது பாகு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சும்போது, அதில் தண்ணீர் நிறைய இருக்கும் வரை சூடு நூறு டிகிரியை விட்டு அதிகம் ஏறாது. தண்ணீர் குறையக் குறையச் சூடு ஏறும். முறுகிய பாகுக்கு ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். தொழிலாளிகள் கையில் வெப்பமானி கிடையாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போடுகிறார்கள். ‘டங்’ என்று சத்தம் கேட்டால் இறக்கலாம். சத்தம் மந்தமாக இருந்தால் மிட்டாய் பல்லில் ஒட்டும். நேரம் கடந்துவிட்டால் வெல்லம் கருகிக் கசப்பு ஏறும். அந்த இடைவெளி மிகச் சிறியது.

இறக்கியதும் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் கவிழ்த்து, சூடு இருக்கும்போதே உருட்டுக் கட்டையால் சமமாக்கிக் கோடு போட வேண்டும். ஆறிப்போனால் வெட்டு நேராக வராது, உடையும். மேலே வண்ணம் ஏற்றிய தேங்காய்த் துருவல் தூவுவது பழைய வழக்கம். கண்ணுக்கு ஒரு கலகலப்புத் தருவதோடு, முறுகிய பாகின் நடுவே மெல்லிய ஒரு ஈரச் சுவையும் தருகிறது. நல்ல துண்டை உடைத்துப் பார்த்தால் பாகு கண்ணாடிபோல மின்ன வேண்டும்; கடலையும் கடலையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், பாகு நடுவே குளம் கட்டி நிற்கக் கூடாது. தை, மாசியில் புதுக் கடலை கிடைக்கும்போது போவது சிறப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்குகிறவர் உறையைப் பிரிக்காமல் கொண்டுபோக வேண்டும். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும்.

கடலையும் மிளகாயும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. சில நூற்றாண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் இல்லாத மூன்று பொருள்கள் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் முகவரியாகிவிட்டன. ஊர்ப் பெருமை என்பது பழமையால் மட்டும் வருவதில்லை என்பதற்கு இந்த வழியே போதுமான சான்று.

கடம்பூர்ப் போளியை ரயில் பயணிகளே அதிகம் அறிவார்கள். கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவில் உள்ள சிறு நிலையம் அது. தேங்காய்ப் பூரணம் ஒன்று, பருப்புப் பூரணம் ஒன்று. இரண்டும் மெல்லிதாகத் தட்டப்பட்டவை. பெட்டிக்குள் ஏறிக் கூவி விற்பவரிடம் வாங்குவதே வழக்கம். மடித்த போளியை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தின்னும்போது மேலோட்டின் நெய்யோ எண்ணெயோ விரலில் ஒட்டுவது தவிர்க்க முடியாதது. அடுத்த சந்திப்பான மணியாச்சியில் பாதை பிரிகிறது: ஒரு கை தூத்துக்குடிக்கு, ஒரு கை திருநெல்வேலிக்கு. 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது இந்த நிலையத்தில்தான். இப்போது நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி.

திருநெல்வேலிக்கு நெருங்கும்போது கரிசல் முடிந்து வயலும் வாழையும் வந்துவிடுகின்றன. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி முடியும் ஆறு. அல்வாவின் ருசிக்கு அந்தத் தண்ணீரே காரணம் என்பது ஊராரின் உறுதியான நம்பிக்கை. அல்வா எப்படி இங்கே வந்தது என்பதற்கு, சொக்கம்பட்டி ஜமீன்தார் வடக்கே போனபோது ருசித்து, செய்கிறவர்களையே அழைத்து வந்தார் என்ற கதை வழங்குகிறது. வடக்கிலிருந்து வந்து குடியேறிய சிங் குடும்பத்தார் இந்தத் தொழிலில் தலைமுறைகளாக இருந்து வந்தது கண்கூடு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் உள்ள இருட்டுக்கடை அவர்கள் கைப்பட வளர்ந்தது. மாலையில் திறந்து, சரக்குத் தீர்ந்ததும் மூடிவிடும் கடை. மங்கலான ஒற்றை விளக்கில் வியாபாரம் நடந்த காலத்தில் ஜனங்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்தால் பால் வரும். சக்கையில் தவிடும் பசைச் சத்தும் தங்கிவிட, பாலில் மாவுச்சத்து இறங்கும். அதை ஓரிரவு வைத்தால் மாவு அடியில் படிந்து, மேலே புளித்த நீர் தெளிந்து நிற்கும். அந்தப் புளிப்பை அவசரக்காரர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். கோதுமையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் சர்க்கரை சேரும் பலகாரம் திகட்டாமல் இருப்பதற்கு அடியில் கிடக்கும் அந்த மெல்லிய புளிப்புதான் துணை. தயார் மாவு வாங்கிக் கிண்டிய அல்வா இரண்டாவது வாயிலேயே போதும் என்று சொல்லவைப்பது இதனால்தான்.

தெளிந்த நீரை வடித்துவிட்டு, படிந்த பாலைச் சர்க்கரையோடு அடுப்பில் ஏற்றினால் முதலில் கஞ்சியாக இறுகும். ஒரு பங்கு சர்க்கரையைத் தனியே காய்ச்சிச் சிவக்கவைத்துச் சேர்ப்பதால் பழுப்பு நிறம் வருகிறது. சாயத்துக்கு இங்கே வேலையில்லை. பிறகு நெய். விட்ட நெய்யையெல்லாம் அல்வா குடித்துக்கொண்டே போகும். விட்டது எங்கே போயிற்று என்று தெரியாத அளவுக்குக் குடிக்கும். இரண்டு பேர் மாறி மாறித் துடுப்புப் போடுவார்கள்; தோள் கனத்துப்போகும் வேலை. மேலும் கிண்ட, ஈரம் குறைந்து மாவு இறுகி, குடித்த நெய்யை விளிம்பில் கக்கத் தொடங்கும். வாணலியில் ஒட்டாமல் மொத்தமும் ஒரே உருவமாகச் சுழலும். அப்போது கண்ணாடிபோல உள்ளே ஒளி ஊடுருவும். அதுவே இறக்கும் நேரம்.

நெய் சொட்டச் சொட்ட இருப்பதே நல்ல அல்வா என்று பலர் மதிப்பிடுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. பதத்துக்கு முன் இறக்கி மேலே நெய் ஊற்றிய அல்வாவும் சொட்டும். இலைத்துண்டில் வாங்கியதை விரலால் பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பக்குவமானது சற்று இழுபட்டு, பிறகு சுத்தமாக அறுபடும். கையில் நெய் படும், மாவு ஒட்டாது. வாயில் மெல்ல வேலையின்றித் தானே நழுவும். சூடாக நூறு கிராம் வாங்கி நின்றபடியே தின்பதுதான் ஊர் வழக்கம். கடைசியில் ஒரு சிட்டிகை மிக்சரோ காராச்சேவோ கையில் வைப்பார்கள். இனிப்பை நாக்கிலிருந்து துடைத்துவிடும் அந்தக் காரம் இல்லாமல் திருநெல்வேலி அல்வா நிறைவடைவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் தின்னும் அல்வா வேறு சுவை. அதுவும் நல்லதே, கொஞ்சம் இறுகிப் புளிப்பு முன்னால் வந்திருக்கும்.

இந்த ஊரின் மிகச் சிறந்த சமையல் கடையில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேங்காய்ப் பாலில் காய்கறிகளும் பாசிப்பருப்பும் சேர்த்துச் செய்யும் சொதி, கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்வீட்டார் வைக்கும் விருந்து. கூட இஞ்சிப் பச்சடி; தேங்காய்ப் பாலின் கனம் வயிற்றில் தங்காமல் இருக்க அது அவசியம். மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, முதல் பாலை இறக்கும் நேரத்தில் விட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். உணவகங்களில் சொதி என்ற பெயர் இப்போது பலகையில் ஏறியிருக்கிறது. உறவோ நட்போ உள்ள வீட்டில் வாய்க்கும் சொதிக்கு அவை ஈடாவதில்லை.

கிழக்கே திரும்பினால் தேரிக்காடு. செம்மணல் குன்றுகளுக்கு நடுவே பனை. உடன்குடிக் கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு உண்டு. மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் பதநீர் இறங்கும். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைப் பாளையில் கட்டினால் பதநீர் புளிக்காமல் நிற்கும். சுண்ணாம்பு இல்லையேல் அது கள். விடியற்காலையில் இறக்கிய பதநீரைப் பனையோலைப் பட்டையில் குடிப்பது இந்த வழியின் எல்லாப் பானங்களிலும் மேலானது. வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும், ஆகவே தேடிப் போகிறவர் அதிகாலையில் எழுந்தாக வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வற்ற வேண்டும். காய்ச்சிய பதநீர்ப் பாகான கூப்பனியைச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் அரைவட்ட வடிவம் கிடைக்கும். உடைத்தால் உள்ளே மங்கிய பழுப்பாக, லேசான உப்புக் கரிப்போடு இருப்பது உண்மையானது. சர்க்கரைப் பாகு கலந்தது பளபளப்பாக உடையும், இனிப்பு ஒரே தட்டில் நிற்கும். பனையேறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அசல் கருப்பட்டி விலை கூடுதலாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. பேரம் பேசாமல் கொடுப்பதே தகும். சுக்கும் மல்லியும் மிளகும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த கருப்பட்டிக் காப்பி இந்தப் பக்கத்துக் கடைகளில் மாலையில் கிடைக்கும்.

தூத்துக்குடியில் வழி கடலைத் தொடுகிறது. போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இந்த முத்துக்குளித்துறையில் காலூன்றினார்கள்; 1658-ல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் போர்த்துகீசியரே. ரயில் வந்தபின் கொழும்புக்குப் போகிற பயணிகள் இங்கே இறங்கிக் கப்பல் ஏறினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி ஏற்படும் வரை அது நடந்தது. ஐரோப்பாவில் வாதுமையில் செய்த மக்ரூன் இந்தத் துறைமுகத்தில் முந்திரிக்கு மாறியது. யார் கையில் எந்த ஆண்டு மாறியது என்பதற்கு எழுத்துச் சான்று காட்டுவார் இல்லை. மாறியதால் விளைந்த பலன் தெளிவு. வாதுமையை விட முந்திரியில் பால்சுவை கூடுதல். தூத்துக்குடி மக்ரூன் கரையும்போது நாக்கில் தங்குவது அதுதான்.

முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, பொடித்த முந்திரி, வேறொன்றும் இல்லை. மாவும் இல்லை, நெய்யும் இல்லை. வெள்ளைக் கருவில் மஞ்சள் ஒரு துளி கலந்தாலும் அது நுரைக்க மறுக்கும். நுரைத்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டி வந்ததும், சர்க்கரையைச் சிறிது சிறிதாகவும் முந்திரிப் பொடியை இறுதியிலும் சேர்த்து மெதுவாக மடித்துக் கலக்க வேண்டும். இங்கே அழுத்திக் கலந்தால் நுரைக்குள் சிறைபட்ட காற்றெல்லாம் போய், மக்ரூன் கல்லாகிவிடும். காகிதக் கூம்பில் அடைத்து, ஒரே அழுத்தில் பிழிந்து, சட்டென்று மேலே தூக்கினால் கூர்மையான நுனி நிற்கும். ஆயிரக்கணக்கில் பிழிந்தாலும் நுனி ஒன்றுபோல் வருவது கையின் பழக்கம். பிறகு பேக்கரி அடுப்பில், ரொட்டி வெந்து முடிந்தபின் எஞ்சியிருக்கும் தணலின் மெல்லிய சூட்டில், இரவு முழுக்க உலரும். வேக வேண்டியதில்லை, காய வேண்டும். சூடு கூடினால் வெளியே பழுத்து உள்ளே பிசுக்கும்.

நல்ல மக்ரூனைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் சத்தமில்லாமல் நொறுங்க வேண்டும். முட்டை வாடை வரக் கூடாது. முந்திரித் துணுக்கு ஓரிரண்டு பல்லில் படலாம். தந்த நிறத்தை விடப் பழுப்பானதையும், பளிச்சென்று வெள்ளையானதையும் தவிர்ப்பது நல்லது. முன்னது சூட்டில் கெட்டது, பின்னதில் முந்திரி குறைவு. உப்பளக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. ஆகவே கடைக்காரர்கள் கண்ணாடிச் சாடியை விற்கும் நேரத்தில் மட்டும் திறந்து உடனே மூடுகிறார்கள். மூடியைத் திறந்தே வைத்திருக்கும் கடையில் வாங்க வேண்டாம். ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குத் திரும்புகிறவர்கள் காற்றுப்புகாத டப்பாவில் கட்டச் சொல்லி, உடைந்துபோகாமல் மடியிலோ மேல் படுக்கையின் ஓரத்திலோ வைத்துக்கொள்வார்கள். திறக்காத டப்பா சில வாரம் தாங்கும். திறந்துவிட்டால் அன்றைக்கே தின்று முடிக்க வேண்டும்.